நகர்

பிளம் ஃபோர்க், நெப்ராஸ்கா.
பலகையில் மக்கள்தொகை 418.
அதற்கப்புறம் வெர்ல் செத்துப்போனார்,
ஹ்ரூபி வீட்டில் இரட்டைப் பிள்ளைகள்,
நான் வந்தேன்.
பலகை யாரையும் கண்டுகொள்ளவில்லை.

தானியக் கிடங்கின் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி நிறைந்து ஏறும். எழுதுவேன்.
கொட்டிவிட்டுக் காலியாய் ஏறும். எழுதுவேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மக்காச்சோளம்.
நிறையும்போது உள்ளே உட்கார்ந்திருந்த ஓட்டுநர்
காலியில் இறங்கி நின்றால்
அவரையும் சேர்த்து வாங்கிவிடுவோம்.
டெல்மர் ஒருமுறை அப்படி விலைபோனார்:
இருநூற்றுப் பத்து பவுண்டு, பதினாறு டாலர்.
இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்.

அறுவடை இல்லாத மாதங்களில்
ஊர் அலுவலகத்தின் பழைய பேரேடுகளைக்
கணினியில் ஏற்றுகிறேன். மணிக்குப் பதினான்கு டாலர்.
1887 ஜனவரிப் பக்கங்களில் மை உறைந்து
எழுத்துகள் முள்முள்ளாக இருக்கின்றன.

ஊர் அப்போது ஆற்று வளைவில் இருந்தது.
ரயில்காரன் மூன்று மைல் வடக்கே தண்டவாளம் போட்டான்.
கெஞ்சினார்கள், மனுப் போட்டார்கள்,
பிறகு மண் இறுகும் குளிருக்குக் காத்திருந்து
வீடுகளை மரக்கட்டைகள்மேல் ஏற்றி
குதிரை பூட்டி உருட்டினார்கள்.
மளிகைக்கடை மூடவே இல்லை.
ஒருத்தி நூல்கண்டு வாங்க ஒரு வயலில் ஏறி
அடுத்த வயலில் இறங்கியிருக்கிறாள்.
ஹோட்டல் புகைபோக்கி புகைந்துகொண்டே போனது.

பதினேழாம் தேதி ஒரு பிறப்பு.
ஐடா குவிக், பெண்.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
எழுதியவர் எதையோ எழுதி அடித்து
மறுபடி எழுதியிருக்கிறார்:
வழியில்.

தேவாலயம்தான் கடைசி.
அதற்குள் பனி முந்திக்கொண்டு உருகிவிட்டது.
பாதி தூரத்தில் சேற்றில் அமர்ந்ததை
ஆறு நாள் இழுத்துப் பார்த்துவிட்டு
குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.
இப்போதும் கிரேச்சி வயல் நடுவே நிற்கிறது.
ஞாயிறு காலை, ஆள்உயரச் சோளத்துக்குள்
கார்களின் கூரை மட்டும் ஊர்ந்து போகும்.

காலை ஐந்தரைக்கு ஆர்டிஸ் கடை திறக்கும்.
தோல் குவளையில் பகடை குலுக்குவார்கள்;
தோற்றவர் மேஜை முழுவதற்கும் காபிக் காசு.
முதல் வருடம் குவளை என்னைத் தாண்டித் தாண்டிப் போனது.
ஒரு பிப்ரவரியில், சர்க்கரையை நகர்த்துவதுபோல்,
டெல்மர் அதை என் பக்கம் தள்ளினார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தோற்றேன்.
பதினோரு காபி, ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி.
ரொட்டி யார் தின்றதென்று இன்றுவரை தெரியாது.

நண்பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும்.
ஊர் நாய்கள் மொத்தமும் பதில் சொல்லும்,
லாவோனின் நாய் மட்டும் தாமதமாக.

இப்போது நெடுஞ்சாலையை
இரண்டு மைல் தெற்கே மாற்றப் போகிறார்களாம்.
பெட்ரோல் பங்க் ஏற்கெனவே போய்விட்டது.
தபால் நிலையம் ஒருநாளைக்கு நான்கு மணி நேரம்.
தீயணைப்புக் கொட்டகையில் கூட்டம்.
மடக்கு நாற்காலிகள், நெடுஞ்சாலைத் துறை இளைஞன்,
அவன் வரைபடத்தில் நாங்கள் ஒரு ஸ்டேப்ளர் முள்ளுக்கு அடியில்.
"மறுபடியும் உருட்டிவிட வேண்டியதுதான்"
என்றாள் லாவோன். எல்லோரும் சிரித்தோம்.
சிரிப்பு அடங்கியபின் பின்வரிசையில் ஒருவர்
எத்தனை கட்டை வேண்டும் என்று கேட்டார்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆர்டிஸிடம் சொன்னேன்:
என் மொழியில் நகர் என்றால் ஊர்.
நகர் என்றால் தள்ளிப் போ என்றும் அர்த்தம்.
பில்லைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்:
"அப்படியானால் உங்கள் ஆட்கள்
இந்தப் பக்கம் வந்து பார்த்திருக்கிறார்கள்."

கடைசி லாரி போனபின் சில நாள்
எடைமேடையில் நானே ஏறி நிற்பதுண்டு.
இருபது பவுண்டுக்குக் கீழே அதற்குத் தெரியாது.
நூற்றிருபது, நூற்றிநாற்பது,
மறுபடி நூற்றிருபது.
இறங்கிய பிறகும் எண் சற்றுநேரம் துடிக்கும்.
மேற்குக் காற்று.
அதைப் பேரேட்டில் ஏற்ற முடியாது.
விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன்.